யானிஸ் மில்வாக்கியை விட்டுப் போவாரா? போனால் யார் என்ன கொடுப்பார்கள்?

தூண்34 (காரைக்குடி), ஆகஸ்ட் 10, 2025

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பற்றிப் பேச எனக்குத் தெரிந்து ஐந்து பேர்தான். மூன்று பேர் லேக்கர்ஸ் அணி ரசிகர்கள், ஒருவர் கறியைப் பற்றி மட்டும் பேசுவார் (ஸ்டீபன் கறி, ஆட்டுக்கறி இரண்டையும்), ஐந்தாவது ஆள் நான். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

நான் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு ரசிகன் ஆனது 2021 ஜூலை 21 காலையில். அப்பத்தா வீட்டு வளவில் தூணில் சாய்ந்துகொண்டு செல்போனில் பார்த்தேன். பீனிக்ஸுக்கு எதிராக இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம், எங்கள் நட்சத்திரம் யானிஸ் 50 புள்ளி. அதைவிட, ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது) 19க்கு 17. அதற்கு முன்பு அந்த மனிதர் கோட்டில் நின்று மூச்சை இழுத்து விடுவதற்குள் எதிரணி ரசிகர்கள் ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நான் கத்தியதில் அப்பத்தா எழுந்து வந்து யாரது என்று கேட்டார். யானிஸ் என்றேன். "யானையா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் யானை.

இப்போது விஷயம். 2023, 2024, 2025 மூன்று வருடமும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியே. முதலில் மயாமி, அப்புறம் இரண்டு தடவை இண்டியானா. ஏப்ரலில் எங்கள் இன்னொரு நட்சத்திரம் லில்லர்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் அவரையே அணியிலிருந்து விடுவித்துவிட்டு, அந்த இடத்தில் மைல்ஸ் டர்னரைக் கொண்டுவந்தார்கள். யானிஸுக்கு டிசம்பரில் 31 வயது. இந்த அணியை வைத்துக்கொண்டு இன்னொரு கோப்பை வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லவும் மனசில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தார்கள். இடிக்கவில்லை, பிரித்தார்கள். பர்மா தேக்குத் தூண் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு எண் போட்டிருந்தது. நிலைக்கதவு தனி, ஆத்தங்குடிக் கல் தனி, எல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகிறது என்றார்கள். வண்டி போன பிறகு பார்த்தால், தூண் நின்ற கல் மட்டும் வட்டம் வட்டமாக வெயிலில் கிடந்தது. யானிஸை விற்றால் மில்வாக்கி எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு அதுதான் கண்ணில் வருகிறது.

ஆனாலும் நானே ஒரு டிரேடு (அணிகளுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) யோசித்து வைத்திருக்கிறேன். சான் அன்டோனியோ. யானிஸ் சம்பளம் இந்த சீசனுக்கு 5.41 கோடி டாலர். அங்கே டெவின் வசெல் 2.7 கோடி, கெல்டன் ஜான்சன் 1.75 கோடி, ஸ்டெஃபான் காசில் ஏறக்குறைய 96 லட்சம். கூட்டிப் பாருங்கள், 5.41. சாமி கொடுத்த கணக்கு மாதிரி இல்லையா? அதற்கு மேல் இரண்டு மூன்று டிராஃப்ட் பிக் (வருடா வருடம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற முறை). அங்கே இருக்கிற நெடியவர் வெம்பன்யாமாவும் யானிஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கூடைக்குக் கீழே எவன் வருவான்? சரியா, தப்பா?

பேரேடு_தேவகோட்டை

தம்பி, கூட்டல் சரி. ஐந்தொகைதான் இடிக்கிறது.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன், அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் என்.பி.ஏ. சம்பளப் பட்டியல்தான் வாசிக்கிறேன், வீட்டில் திட்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த சீசனுக்கு சேலரி கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு) 15.46 கோடி டாலர். அதற்கு மேல் இருக்கிற அணி ஒரு ஆளை உள்ளே எடுத்தால் கிட்டத்தட்ட அதே எடைக்குச் சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். 19.59 கோடியில் முதல் ஏப்ரன் என்று அடுத்த கோடு, அதைத் தாண்டினால் அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. 20.78 கோடியில் இரண்டாவது ஏப்ரன், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்குவதே கூடாது. பாஸ்டன் இந்தக் கோடையில் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் வெளியே தள்ளியது ஏன் என்று நினைக்கிறாய்? அங்கே அவர்கள் நட்சத்திரம் டேட்டமுக்கும் மே மாதம் அதே குதிகால் தசைநார்தான் போனது. அவர் வரும்வரை அந்தச் செலவைச் சுமப்பானேன் என்று கழித்துவிட்டார்கள்.

சான் அன்டோனியோவுக்கு இந்தத் தொல்லை இப்போது இல்லை. சிக்கல் உன் மில்வாக்கி பக்கம்தான்.

ஒரு அணி நட்சத்திரத்தை விற்றால் அடுத்து என்ன செய்யும்? தோற்கும். தோற்றால் டிராஃப்டில் மேலே வரும். மில்வாக்கிக்கு அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. 2023இல் லில்லர்டை வாங்கியபோது 2029 முதல் சுற்று பிக்கை போர்ட்லாண்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. 2028, 2030 இரண்டிலும் எது நல்ல பிக்கோ அதை மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமையும் போர்ட்லாண்டுக்கே. அடுத்தடுத்த வருடத்து முதல் சுற்று பிக்குகளை மொத்தமாக விற்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, 1980களில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் கண்டபடி விற்றுத் தள்ளியதால் வந்தது, அவர் பெயரிலேயே இருக்கிறது. அதனால்தான் ஒற்றைப்படை வருடம் நேரடியாகவும் இரட்டைப்படை வருடம் மாற்றுரிமையாகவும் போயிருக்கிறது. போதாததற்கு 2020இல் ஹாலிடேக்காக நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்த பாக்கி வேறு இன்னும் தீரவில்லை. ஆக, நீ எவ்வளவு மோசமாக ஆடினாலும் அதன் பலன் அடுத்த வீட்டுக்கு.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா, லில்லர்டுக்கு இன்னும் கொடுக்க வேண்டிய 11.3 கோடி டாலரை ஐந்து வருடத்துக்குப் பரப்பி, வருடத்துக்கு 2.25 கோடி என்று மில்வாக்கி சுமக்கிறது. அவரோ நேராகத் தன் பழைய போர்ட்லாண்டுக்கே போய் மூன்று வருடம் 4.2 கோடிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தூணை விற்றவனுக்குக் காசும் மிச்சம், வாங்கினவன் தெருவில் போட்ட தூணும் திரும்ப வந்தாயிற்று.

அதனால் என் கருத்து இது. யானிஸை விற்பதாக இருந்தால் மில்வாக்கி முதலில் போன் போட வேண்டியது சான் அன்டோனியோவுக்கு இல்லை, போர்ட்லாண்டுக்கு. யாருக்கு விற்றாலும் சரி, போர்ட்லாண்டை மூன்றாவது அணியாக உள்ளே இழுத்து, அடகில் இருக்கிற 2028, 2029, 2030 மூன்றையும் மீட்க வேண்டும். அது இல்லாமல் காசில் வந்தாலும் வசெல் வந்தாலும் வட்டி கட்டவே சரியாகப் போகும்.

நியூயார்க்கான்

எதற்கு இவ்வளவு கணக்கு? எங்கள் டவுன்ஸைக் கொடு, யானிஸை எடு. நியூயார்க் நிக்ஸ் சாம்பியன். முடிந்தது.

பேரேடு_தேவகோட்டை

முடியவில்லை அண்ணே. டவுன்ஸ் 5.31 கோடி, யானிஸ் 5.41 கோடி. நியூயார்க் முதல் ஏப்ரனுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, பத்து லட்சம் டாலர் இடிக்கும். சின்னச் சம்பளக்காரர் ஒருவரைக் கூடச் சேர்த்தால் அது சரியாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிக்கல் பிரிட்ஜஸுக்காக 2024இல் முதல் சுற்று பிக் ஐந்தைப் புரூக்ளினுக்கு அள்ளிக் கொடுத்த பிறகு மேலே போட்டுக் கொடுக்க என்ன இருக்கிறது? டவுன்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான். வெறும் டவுன்ஸை வாங்கிக்கொண்டு யானிஸை அனுப்பினால் மில்வாக்கிக்காரன் ஊருக்குள் நடமாட முடியாது.

வெம்பி_பள்ளத்தூர்

தூண் அண்ணா, காசிலைத் தொட்டீர்கள் என்றால் நான் காரைக்குடிக்கே வந்துவிடுவேன்.

நான் சான் அன்டோனியோ. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், வெம்பிய பழம் என்று என் தம்பி கிண்டல் செய்வான், அது வேறு கதை. கல்லூரி அணியில் கார்டாக (பந்தை நடத்துகிறவளாக) ஆடியவள் என்கிற முறையில் சொல்கிறேன், காசில் போன சீசனின் சிறந்த புதுமுகம், இருபது வயது, எதிரணியில் மிக நன்றாக ஆடுகிறவனைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிற பையன். இப்படி ஒருவனோடு சிமெண்ட் தரையில் நாற்பது நிமிடம் ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன வேதனை என்று. பந்து கையில் வருவதற்கு முன்பே அவன் மூச்சு கழுத்தில் படும்.

அது சரி, யானிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானிஸுக்குத் தூரத்திலிருந்து எறிகிற பழக்கம் வராது, அவர் உள்ளே புகுந்தால்தான் உண்டு. பொதுவாக அப்படிப்பட்டவர் பக்கத்தில் இன்னொரு உயரமானவரை நிறுத்தினால் உள்ளே நெரிசல், சந்தை நாள் பேருந்து மாதிரி ஆகிவிடும். வெம்பன்யாமா மட்டும்தான் அதில் விதிவிலக்கு, அவர் வெளியே நின்று மூன்று புள்ளிக்கு எறிவார், எதிரணி சென்டர் (கூடைக்குக் கீழே காக்கிற நெடியவர்) அவரோடு வெளியே வந்தாக வேண்டும், உள்ளே யானிஸுக்கு வழி. அதனால்தான் எனக்கும் ஆசையாக இருக்கிறது. எழுதும்போதே இருக்கிறது.

ஆனால் வயதைப் பாருங்கள். வெம்பன்யாமாவுக்கு 21. இந்த வருட டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த டைலன் ஹார்பருக்கு 19. கவுனி அரிசியை ராத்திரியே ஊறப் போட்டால்தான் காலையில் வேகும், அதை அவசரப்படுத்த முடியாது. இவர்கள் நன்றாக வெந்து வருகிறபோது யானிஸுக்கு 35 ஆகியிருக்கும்.

நான் கொடுப்பது: வசெல், ஜான்சன், ஹாரிசன் பார்ன்ஸ், அதோடு அட்லாண்டாவிடமிருந்து நாங்கள் வாங்கி வைத்திருக்கிற 2027 முதல் சுற்று பிக், எங்கள் சொந்த பிக் இரண்டு. காசில் கிடையாது, ஹார்பர் கிடையாது. கூட்டல் வருகிறதா என்று பேரேடு அண்ணன் பார்க்கட்டும். தர முடியாது என்று மில்வாக்கி சொன்னால், சரி, நன்றி வணக்கம்.

மானகிரி_மணி

எல்லாரும் என்னவோ டெண்டர் விட்டு விற்கப் போகிற மாதிரிப் பேசுகிறீர்கள்.

இந்த வருடம் பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. கறி வாங்கிவிட்டு வந்து வண்டியை நிறுத்துகிறேன், மணி பத்தே முக்கால் இருக்கும், பை இன்னும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் லூக்கா டான்சிச் லேக்கர்ஸுக்கு, அந்தோணி டேவிஸ் டல்லாஸுக்கு. செய்தி போட்ட ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் மட்டும் இல்லை, உலகமே அப்படித்தான் நினைத்தது. வெயிலில் நின்று பத்து நிமிடம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்ததில், வீட்டுக்காரி வந்து பையை எடுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

விலையைப் பாருங்கள். லூக்காவுக்கு 25 வயது, முந்தைய வருடம்தான் டல்லாஸை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். கிடைத்தது டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் சுற்று பிக் ஒன்றே ஒன்று. நான்கு மாதம் கழித்து மெம்பிஸ் டெஸ்மண்ட் பேனை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்து நான்கு முதல் சுற்று பிக்கும் ஒரு மாற்றுரிமையும் வாங்கியது. பேன் நல்ல ஆட்டக்காரர், யார் இல்லை என்றது, ஆனால் லூக்காவுக்கு ஒன்று, பேனுக்கு நான்கு! ஏன் இப்படி? டல்லாஸ் சந்தையில் வைத்து விற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு ஆளிடம் பேசி முடித்தார்கள். பழைய வீட்டுச் சாமானை அவசரத்துக்கு ஒரே வியாபாரியிடம் காட்டினால் அவன் சொன்னதுதான் விலை. நம்ம ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்ட் லாட்டரி அடித்து, முதல் பிக்காக கூப்பர் ஃபிளாக் கிடைத்தார் டல்லாஸுக்கு, அது சாமர்த்தியம் இல்லை, சாமி கண் திறந்தது.

பீனிக்ஸ் விற்ற டுராண்ட் கதை இதற்கு நேர் எதிர். மாதக்கணக்கில் பேச்சு, கடைசியில் ஹூஸ்டன், ஆனால் ஜூலையில் கையெழுத்தானபோது ஏழு அணிகள் அதில் இருந்தன. என்.பி.ஏ.யில் இதுவரை அத்தனை அணி ஒரே டிரேடில் சேர்ந்ததில்லை. ஏழு பங்காளிகள் உள்ள வீட்டை விற்பது மாதிரி, ஒருத்தர் மலேசியாவில், ஒருத்தர் சென்னையில், ஒருத்தருக்கு மற்றவரோடு பேச்சே இல்லை, அப்படியும் பத்திரம் பதிவாகிவிட்டது.

பேசி முடித்த பிறகும் முறிந்துபோகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பிப்ரவரியில் சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை லேக்கர்ஸ் எடுத்தது, பதிலுக்கு டால்டன் கெனெக்டும் போய்விட்டார் என்று எல்லாரும் எழுதி முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் திருப்தி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முறைச்சிட்டை எழுதி, சாமான் பரப்பி, கடைசியில் கல்யாணம் நின்ற மாதிரி. கெனெக்ட் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து எந்த முகத்தோடு அந்த உடைமாற்றும் அறைக்குள் நுழைந்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

என்னைக் கேட்டால் யானிஸ் எங்கும் போக மாட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மில்வாக்கி எதற்கு அவசரப்பட வேண்டும்?

பேரேடு_தேவகோட்டை

மணி அண்ணே, பழமொழி காட்டு யானைக்குச் சரி. இந்த யானைக்கு ஒப்பந்தம் இருக்கிறது. 2027-28 சீசன் அவர் விருப்பம், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் 2027 கோடையில் சும்மா கிளம்பிப் போகலாம், மில்வாக்கிக்கு ஒரு பொன்னும் கிடைக்காது. இன்று வாங்குகிறவனுக்கு முழுசாக இரண்டு சீசன் கையில். அடுத்த கோடையில் வாங்கினால் ஒன்றுதான் உறுதி, அதற்குத் தகுந்த மாதிரிதான் விலை கேட்பான். அப்படி விற்கிற நிலைமை வந்தால் இடம் சொல்லப்போகிறவரும் யானிஸ்தான். டிரேடைத் தடுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், "அங்கே போனால் நான் தங்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த அணி நான்கு பிக் கொடுக்கும்?

வெம்பி தங்கச்சி, உன் கூட்டல் 6.35 கோடி வருகிறது, மில்வாக்கிக்குத் தொண்ணூற்று நான்கு லட்சம் அதிகம். விதிப்படி தாங்கும், ஆனால் அதற்கப்புறம் முதல் ஏப்ரனுக்கு மேல் அவர்கள் தலை தூக்கக் கூடாது. வசெல், ஜான்சனோடு இன்னும் ஒரு கோடிக்கு யாராவது இருந்தால் போதும். பார்ன்ஸை நீயே வைத்துக்கொள்.

தூண்34

எல்லாருக்கும் நன்றி. போர்ட்லாண்ட் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே, நேற்று ராத்திரி முழுக்க அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யானிஸ் சான் அன்டோனியோவுக்கு. வசெலும் ஜான்சனும் அட்லாண்டா பிக்கும் மில்வாக்கிக்கு. சான் அன்டோனியோவின் சொந்த பிக்குகள் போர்ட்லாண்டுக்குப் போய், அதற்குப் பதிலாக மில்வாக்கியின் 2028, 2029, 2030 வீடு திரும்புகிறது. காசில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், வெம்பி. போர்ட்லாண்ட் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் தெரியவில்லை. யானிஸ் இல்லாத மில்வாக்கியின் பிக் எவ்வளவு உயரத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

அது போகட்டும், டிசம்பர் 15 வரை பெரிதாக ஒன்றும் நடக்காது என்று நினைக்கிறேன், டர்னர் மாதிரி இந்தக் கோடையில் கையெழுத்துப் போட்டவர்களை அதற்கு முன்னால் நகர்த்த முடியாது. அப்புறம் பிப்ரவரியில் டிரேடுக்குக் கடைசிக் கெடு. அங்கே வியாழன் மதியம் 3 மணி, நமக்கு வெள்ளி அதிகாலை 1.30. கெடு முடிவதற்குள் யானிஸ் போகவில்லை என்றால் மணி அண்ணனுக்கு என் செலவில் வெள்ளைப் பணியாரம் இருபது, காரச்சட்னியோடு. போய்விட்டால் அவர் எனக்கு. அப்பத்தாவிடம் சொன்னேன், யானையை விற்கப் போகிறார்களாம் என்று. "எந்தக் கோவில் யானை?" என்றார்.

மானகிரி_மணி

இருபது போதாது, முப்பது. அலாரம் வைத்துவிட்டு நானே போன் போடுகிறேன், சைலண்டில் போட்டுத் தூங்கிவிடாதே.

வெம்பி_பள்ளத்தூர்

வசெல் போனால் எல்லாருக்கும் பணியாரம் என் செலவு. காசில் போனால் நீங்கள் யாரும் என் கண்ணில் படக் கூடாது.